எங்கள் வீட்டுக்கு வந்த மூட்டை

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். எட்டரைக்குப் பண்ணைக்குப் போய் மழைமானியைப் பார்த்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று பலகையில் எழுதினேன். அதுதான் அங்கே என் வேலை. திரும்பி வந்து துணி துவைத்தேன். மேகம் இறங்கிவிட்டதால் அடுப்படிக் கொடியிலேயே காயப்போட்டேன். மதியம் ரசமும் சுட்ட அப்பளமும். மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து பெண்கள் நால்வர் வந்தார்கள். அவர்களோடு ஒரு மூட்டை அரிசியும் வந்தது.

அத்தையை அடக்கம் செய்து இன்று எட்டாம் நாள்.

வந்தவர்கள் ஜெபித்தார்கள், காப்பி குடித்தார்கள், மழை வலுக்குமுன் போய்விட்டார்கள். மூட்டை அடுப்படி மூலையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. நாட்குறிப்பில் வழக்கமாக ஐந்தாறு வரிதான் எழுதுவேன். இன்று அது போதாது.

தாண்டிக்குடி மலைப் பக்கத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இந்த மூட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேறு ஊர்களில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம், அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போடுவார்கள். போடும்போது யாராவது ஒருவரை நினைத்து ஒரு வார்த்தை ஜெபம். மாதக் கடைசி ஞாயிறன்று எல்லா வீட்டு டின்களும் கோயிலுக்கு வரும். பின்னறையில் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால், எட்டாம் நாள் அந்தச் சாக்கு துக்க வீட்டுக்குப் போகும். கடைக்குப் போய் அரிசி வாங்க அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது என்று எப்போதோ யாரோ யோசித்து ஏற்படுத்திய வழக்கம். சாவில்லாத மாதங்களில் சாக்கு காத்திருக்கும்.

அதனால் எங்கள் ஊரில் “அந்த வீட்டுக்கு மூட்டை போயிருச்சு” என்றால் அந்த வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார் என்று அர்த்தம். பிள்ளைகள் நாங்கள் அதை வசவாகவே ஆக்கி வைத்திருந்தோம். கோலியாட்டத்தில் தோற்றவன் ஜெயித்தவனைப் பார்த்து, “ஏலே, ஒங்க வீட்டுக்கு மூட்டை வர!” என்று கத்திவிட்டு ஓடுவான். சபையை நடத்திய உபதேசியார் காதில் விழுந்தால் காதைத் திருகுவார். அந்த வசவை எங்களில் மிக நன்றாகக் கத்தியது அவருடைய மகன்தான்.

எங்கள் வீட்டு டின் கடல் கடந்து வந்தது. பிஸ்கட் டின். மூடியில் குடை பிடித்த ஒரு பெண்ணின் படம் இருந்தது. முகம் இருந்த இடத்தைத் துரு தின்றுவிட்டிருந்தது. அம்மா அரிசியைப் போடும்போது அது எழுப்பும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. டின் காலியாக இருக்கும்போது சலங்கை மாதிரி கலகலவென்று விழும். நிறைய நிறையச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். பாயில் படுத்தபடியே, டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணைத் திறக்காமல் என்னால் சொல்ல முடியும்.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கப்பலேறியபோது எனக்கு நான்கு வயது, தம்பி கைக்குழந்தை. அப்பாவின் தங்கையும் எங்களோடு வந்திருக்க வேண்டியவள். இந்தியா வருவதற்கான அவளுடைய காகிதம் மட்டும் தயாராகவில்லை. “அடுத்த கப்பல்ல வந்துருவா” என்று அப்பா எல்லோரிடமும் சொன்னாராம். வழியனுப்ப வந்தபோது அவள் என் கன்னத்தைத் தடவிய கையில் பச்சைத் தேயிலை வாசம் அடித்தது. எனக்கு அந்த வாசம் நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று ஆண்டுகள் போயின. இங்கே காப்பித் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அம்மா பழம் பறித்தாள். அத்தையிடமிருந்து எப்போதாவது சேதி வரும், காகிதம் வந்துகொண்டே இருக்கிறது என்று. எனக்குப் பத்து வயதானபோது, 1983இல், ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அங்கே கலவரம் மூண்டது. சேதி நின்றது.

ஊரில் ரேடியோ இருந்த இடம் பாய் கடை ஒன்றுதான். செய்தி நேரத்துக்கு அப்பா அங்கே போய் நிற்பார். சில நாள் நானும் போவேன். ஏலக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் அடிக்கும் கடை.

“எங்க தோட்டத்துப் பேரச் சொன்னானா பாய்?”

“இல்லண்ணே. பெரிய ஊரு பேருதான் சொல்றான்.”

“அப்ப அது நல்லதா, கெட்டதா?”

பாய் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “சொல்லாத வரைக்கும் நல்லதுன்னு வச்சுக்குவோம்ணே. உக்காருங்க, டீ சொல்றேன்.”

அப்பா உட்காரவில்லை. மறுநாளே ஜீப் ஏறி வத்தலக்குண்டுக்கு இறங்கினார். அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து மண்டபம். கடல் தாண்டி வருகிறவர்களை அங்கே முகாமில் இறக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் நின்று கேட்க வேண்டும். அப்பா நின்று கேட்டுவிட்டு, தனியாக வந்தார். அவர் சட்டையில் உப்புக் காற்றும் மீன் வாடையும் ஏறியிருந்தன. தம்பி அந்தச் சட்டையை மோந்து பார்த்து, “அப்பா, கருவாடு எங்க?” என்று கேட்டான். அப்பா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டார். 

இரண்டாம் முறை போய் வந்தபோது தோட்டத்தில் அவர் இடத்தில் வேறு ஆள் நின்றான். மேஸ்திரி ஈவிரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். “ஒன் சோலி மண்டபத்துல கெடக்கு, என் சோலி இங்க கெடக்கு. நான் என்னப்பா செய்ய?” என்றாராம். மழை நிற்காததால் அம்மாவுக்கும் வாரத்தில் பாதி நாள் வேலையில்லை. எங்கள் வீட்டில் சோறு ஒருவேளையானது. பிறகு அதுவும் கஞ்சியானது. வேலியில் சௌசௌக் கொடி கேட்பாரில்லாமல் காய்த்தது. அவித்த சௌசௌ, அரைத்த சௌசௌ, உப்பும் மிளகாயும் போட்டுக் கடைந்த சௌசௌ. அந்த வருஷத்துக்குப் பிறகு நானும் தம்பியும் அதைத் தொட்டதில்லை. அவன் இன்று திருப்பூரில் இருக்கிறான். சந்தையில் அதைப் பார்த்தாலே அடுத்த கடைக்குப் போய்விடுவதாகச் சொல்கிறான்.

அப்போதும் அம்மா பிடி அரிசி எடுப்பதை விடவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிடி சிறுக்கிறதா என்று பார்ப்பேன். சிறுக்கவில்லை.

“அம்மா, நமக்கே பத்தல.”

“நமக்குப் பத்துற அன்னைக்கு எடுத்தா அது மிச்ச அரிசிடி. பிடி அரிசி இல்ல.”

“இந்த மாசம் யாருமே சாகலையே. அது சும்மாதான கெடக்கும்?”

“கெடக்கட்டும். யாரும் சாகலன்னு சந்தோசப்படு.”

மாலை ஜெபத்தில் அம்மா அத்தையைப் பற்றி நிகழ்காலத்தில்தான் பேசுவாள். “ஆண்டவரே, அவ இன்னைக்குச் சாப்பிட்டாளா பாருங்க. அவளுக்குக் குளிருதா பாருங்க.” பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லியனுப்புவது போல இருக்கும். முன்பெல்லாம் ஜெபத்தின் முடிவில் அப்பா உரக்க ஆமென் சொல்வார். அந்தப் பருவத்தில் அவர் முதலில் மெல்லச் சொன்னார், அப்புறம் உதட்டளவில் சொன்னார், அப்புறம் ஜெப நேரத்தில் எழுந்து வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதும் நின்றது. மணி அடிக்கும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளப்பார். பாட்டுக்கு நடுவே கோடரிச் சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும். எனக்கு அவமானமாக இருக்கும். இன்னும் சத்தமாகப் பாடுவேன். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து உபதேசியார் எங்களோடு வீடு வரைக்கும் வந்தார்.

“என்னப்பா, ஞாயித்துக்கிழமையில வெறகு?”

“அடுப்புக்குக் கெழம தெரியுங்களா ஐயா?”

“ஒனக்குத் தெரியும்ல?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அங்க எரிஞ்சுக்கிட்டுக் கெடக்குங்க ஐயா.”

உபதேசியார் பிரசங்கம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா பிளந்து போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் போய்விட்டார்.

அக்டோபர் கடைசியில் அப்பா மூன்றாவது முறை மண்டபம் போய் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா என்ன கேட்டும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை எழுந்து, எங்கேயென்று சொல்லாமல் வெளியே போனார். அன்று பிற்பகல், மேகம் இறங்கிப் பாதை தெரியாமல் இருந்த நேரத்தில், தம்பி வெளியிலிருந்து ஓடி வந்தான்.

“அம்மா! மூட்டை வருது! யாரும்மா செத்தா?”

அம்மா வீட்டிலிருந்தாள். நான் இருந்தேன். தம்பி மூச்சிரைக்க எதிரே நின்றான். இல்லாதவர் அப்பா மட்டும்தான். 

மேகத்துக்குள்ளிருந்து முதலில் உபதேசியாரின் குடை வந்தது. பிறகு அவர். பிறகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவருடைய மகன். பின்னால் டீச்சரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். டீச்சரம்மா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, பெண்கள் சங்கத்துக்கும் தலைவி. ஊரில் நல்லது கெட்டது எதுவும் அவர் இல்லாமல் நடக்காது.

“அவரு எங்க?” என்றாள் அம்மா. அவளும் என்னைப் போலத்தான் நினைத்திருக்கிறாள்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல தாயி, கோயில்ல உக்காந்திருக்காரு. மனசத் திடப்படுத்திக்க. ஒன் நாத்தனா…” டீச்சரம்மா அம்மாவின் கையைப் பிடித்தார். “அவ இருந்த லயத்து வீடெல்லாம் எரிஞ்சுபோச்சாம். அந்தத் தோட்டத்துலருந்து வந்த ஒரு ஆளு மண்டபத்துல சொல்லிருக்காரு.”

“லயம் எரிஞ்சுச்சு. சரி. அவ?”

டீச்சரம்மா பிடித்த கையைத் தடவிக் கொடுத்தார்.

“அவளப் பாத்தவுக யாருங்க்கா?”

“மாசம் நாலாச்சும்மா. உசுரோட இருந்தா ஒரு சேதி வராதா? பிள்ளைக மொகத்தப் பாரு, எலும்பும் தோலுமா நிக்கிதுக. அரிசிய வாங்கிக்க. ஜெபம் பண்ணிட்டுப் போறோம்.”

உபதேசியாரின் மகன் மூட்டையை இறக்கி வைத்தான். சாக்கின் வாய் தைக்கப்பட்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அரிசிய வேணாம்னு சொல்ல மாட்டேங்க்கா. அதுல என் பிடியும் கெடக்கு. ஆனா துக்க ஜெபம் பண்ணாதீங்க.”

“வேற என்னம்மா பண்றது?” என்றார் உபதேசியார் குழப்பத்தோடு. “மூட்டைய எடுத்துட்டு வந்துட்டோமே.”

“பயணம் போறவுகளுக்கு ஒரு ஜெபம் பண்ணுவீங்கள்ல ஐயா, அதப் பண்ணுங்க.”

உபதேசியார் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா கூரையைப் பார்த்தார். கடைசியில் உபதேசியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். கண்டுபிடிக்க நேரமாயிற்று. பிறகு கடலிலும் தரையிலும் போகிறவர்கள் பத்திரமாக வந்து சேர வேண்டுமென்று வாசித்தார். கூட வந்தவர்களில் ஒருத்தி பழக்க தோஷத்தில் மூக்கைச் சிந்தி அழத் தொடங்கினாள். டீச்சரம்மா அவளை முழங்கையால் இடித்தார். அவள் நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தாள்.

“அப்பறம் ஒண்ணுங்க்கா,” என்றாள் அம்மா. “இந்த மூட்டைய அவ வந்தப்பறந்தான் பிரிப்பேன்.”

“பிள்ளைகளப் பட்டினி போட்டுட்டா?”

“வேலியில சௌசௌ காய்ச்சுக் கெடக்குங்க்கா.”

அந்த நேரத்தில் என் அம்மாவை நான் வெறுத்தேன். அதற்கு வேறு சொல் தேடுவதில் பயனில்லை.

ஊர் அவளைக் கிறுக்கு என்றது. என்னைப் பார்த்து யாரும் பழைய வசவைச் சொல்லவில்லை. வந்துவிட்ட மூட்டையை இன்னொரு தடவை எப்படி வரச் சொல்வது? அப்பா மூட்டை இருந்த மூலைப் பக்கமே திரும்புவதில்லை. அரிசி வாசம் அந்தச் சிறிய வீடெங்கும் இருந்தது. மழை நாளில் ஈரச் சாக்கும் பழைய அரிசியும் சேர்ந்து கிளப்பும் வாசம். பசியோடு அதை முகர்ந்துகொண்டு தூங்கியவர்களுக்குத்தான் தெரியும், அரிசிக்கு எவ்வளவு வாசமுண்டு என்று.

ஒருநாள் சாக்கின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

“எலி,” என்றான் தம்பி, யாரும் கேட்பதற்கு முன்பே.

அம்மா ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். அவன் உதட்டோரம் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். அவனுக்கு அப்போது முன்பற்கள் விழுந்திருந்தன. “பாவம், பல்லு விழுந்த எலி போலருக்கு. சாக்கக் கடிக்கல, குச்சி வச்சுக் குத்தியிருக்கு,” என்றாள். கோணி ஊசியால் ஓட்டையைத் தைத்தாள். அன்றிரவு தன் கஞ்சியை எலிக்கு ஊற்றிவிட்டாள்.

இன்னொரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வெள்ளனே வந்துவிட்டேன். அம்மா அடுப்படியில் குனிந்து மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சாக்கில் பதிந்திருந்தது. வாய் அசையவில்லை, ஜெபமில்லை. வலது கையில் கத்தி இருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“சௌசௌ நறுக்க வந்தேன்,” என்றாள்.

அங்கே சௌசௌ எதுவும் இல்லை.

எனக்குத் தெரியாமல் மூட்டைக்குக் காவல் நிற்கிறாள் என்று அன்று நினைத்தேன். அம்மாவுக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவளால் பொறுக்க முடிந்தது என்று வெகுகாலம் நம்பினேன். கோயிலில் சாட்சி சொல்லும்போது அப்படியே சொல்லியும் இருக்கிறேன். இன்று மூன்று மணிக்கு மேல், அவர்கள் போன பிறகு, இந்த மூட்டையின் முன்னால் கத்தியோடு நின்றபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. அவளுக்கு நிச்சயம் எதுவும் இருக்கவில்லை. அன்றைக்கு அவள் தையலை அறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளும் அறுக்கவில்லை.

டிசம்பரில் பாய் ஆள் விட்டுச் சொன்னார், மண்டபத்துக்கு மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்களாம்.

“இன்னொரு தரம் போயிட்டு வாங்க,” என்றாள் அம்மா.

“செத்தவளக் கூட்டியார எத்தன தரம் போறது?”

“போயி வாசல்ல நில்லுங்க.”

“எனக்கு நம்பிக்கை இல்ல புள்ள. ஒன் ஜெபம் கிபம் எதுலயும் இல்ல. சொல்லிட்டேன்.”

“நீங்க நம்ப வேணாம். அத நான் பாத்துக்கிறேன். நீங்க போயி நின்னாப் போதும்.”

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜீப்காரர் சும்மாவே ஏற்றிக்கொண்டார்.

அவர் திரும்பிய பிற்பகலில் நானும் தம்பியும் மூங்கில் பட்டையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தோம். பசைக்காகக் காய்ச்சிய கூழைத் தம்பி பாதி குடித்துவிட்டிருந்தான். ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. மேகத்தில் இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று அப்பா. அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண்.

“அத்தை!” என்று கத்திக்கொண்டு தம்பி ஓடினான். அவன் அத்தையைப் பார்த்தவனே இல்லை. நானும் ஓடினேன். அந்தப் பெண் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் கையில் தேயிலை வாசம் வருகிறதா என்று பார்த்தேன். உப்பு வாசம்தான் வந்தது.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் நாத்தனாரோடு ஒரே லயத்தில் வாழ்ந்தவள். அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

“அவ இல்ல புள்ள,” என்றார் அப்பா.

“தெரியுது.”

“பேரெல்லாம் கூப்பிட்டு முடிஞ்சு, எல்லாரும் போயிட்டாக. இந்தப் புள்ள மட்டும் நின்னுக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட ஆளு வரல.” அப்பா நிறுத்தினார். “நானும் நின்னுக்கிட்டே இருந்தேன்.”

“அக்கா, நா அவுங்க இல்லீங்க,” என்றாள் அந்தப் பெண்.  “அண்ணன்கிட்டச் சொன்னேன், கேக்கல. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவேன். நா நல்லா கொழுந்து எடுப்பேங்க.”

 அம்மாவின் கண்கள் அந்த முகத்தில் எதையோ தேடின, கண்டுபிடிக்கவில்லை. அவள் தோள்கள் ஒரு முறை ஏறி இறங்கின. அப்போது அவள் திரும்பி உள்ளே போய்விடுவாள், கதவைச் சாத்திவிடுவாள் என்று பயந்தேன். மாதக்கணக்கில் அவள் யாருக்காகக் காத்திருந்தாளோ அவள் இல்லை இது.

“இங்க ஏது கொழுந்து? காப்பிப் பழந்தான் பறிக்கணும்,” என்றாள் கடைசியில். “அக்கான்னு கூப்பிடாத. அவரு ஒனக்கு அண்ணன்னா நான் மதினி. வெரசா உள்ள வா, குளிருது. சோறாக்கணும்.”

உள்ளே போய் அதே கத்தியை எடுத்து மூட்டையின் தையலை அறுத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முறத்தில் அள்ளுவதற்கு முன் முதலில் ஒரு பிடி எடுத்துக் கடல் கடந்து வந்த டின்னில் போட்டாள். மாதக் கடைசியில் கொட்டிக் கொடுத்திருந்ததால் டின்னில் அதிகம் இல்லை. கலகலவென்று விழுந்தது.

மூட்டையில் ஊரிலுள்ள எல்லா வீட்டு அரிசியும் இருந்தது. ரேஷன் புழுங்கல், டீச்சரம்மா வீட்டு மெல்லிய பச்சரிசி, யாரோ ஒருவர் வீட்டுச் சிவப்பரிசி, குருணை. எல்லாம் ஒரே பானையில் ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்றால் நடக்குமா? பச்சரிசி கரைந்து கூழாகிவிட்டது. புழுங்கலரிசி அப்போதும் கல்லாக நின்றது. அம்மா அப்படியே வடித்து, நடுவில் வைத்து, ஐந்து தட்டில் போட்டாள்.

புதிதாக வந்தவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

“மதினி, கோவிச்சுக்காதீங்க,” என்றாள். “இது சோறா கஞ்சியா? ஒரு பக்கம் முழுங்கச் சொல்லுது, ஒரு பக்கம் கடிக்கச் சொல்லுது.”

அம்மாதான் முதலில் சிரித்தாள். வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறியது. அப்பா அவள் தலையில் தட்டினார். தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். தம்பி எதற்கென்றே தெரியாமல் சிரித்தான். கலவரச் சேதி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. அப்பா எழுந்து வெளியே போனார். கோடரிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மறுநாள் டீச்சரம்மா வந்தார். மூட்டை பிரிந்திருப்பதைப் பார்த்தார். “வந்துட்டாளா?” என்று கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்பாவின் ஜாடை துளியும் இல்லை. குரலைத் தாழ்த்தி, “இவளா?” என்றார்.

“இவளுந்தாங்க்கா,” என்றாள் அம்மா.

இரண்டு நாள் என்று வந்தவள் நாற்பத்திரண்டு வருஷம் இருந்தாள். அடக்கம் செய்து எட்டாம் நாள் என்று நான் முதலில் எழுதிய அத்தை அவள்தான். அவளுடைய வீட்டுக்காரரும் அவளுடைய ஆட்களும் என்ன ஆனார்கள் என்று அவள் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. காப்பிப் பழம் பறித்தாள். எனக்குச் சடை பின்னிவிட்டாள். என் கல்யாணத்துக்கு அழுதாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தனியாகத் திரும்பி வந்தபோது அழாமல் சோறு போட்டாள். பாணும் தேங்காய்ச் சம்பலும் கேட்டுத் தம்பியை விரட்டினாள். இங்கே கிடைக்கும் ரொட்டி எதையும் அவள் பாண் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. அந்த பிஸ்கட் டின்னின் அடி துருவேறிக் கழன்று விழுந்த நாளில், அதைத் தூக்கி எறிய விடாமல் அதில் ரோஜாப் பதியன் வைத்தாள். இப்போது அதுவும் இல்லை.

அப்பா கோயிலுக்கு உடனே வந்துவிடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்து வெளியே நின்றார். ஈஸ்டருக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். உரக்க ஆமென் சொன்னது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கவனித்தபோது சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, போன மாதம்தான், படுக்கையிலிருந்த அத்தை ஒன்றைச் சொன்னாள். மண்டபத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்று எங்கள் வீட்டுக்கு மூட்டையைக் கொண்டுபோகச் சொன்னது உபதேசியாரோ டீச்சரம்மாவோ இல்லை. அப்பாதான் கோயிலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். “பிள்ளைக பசி தாங்கல தாயி, என் தங்கச்சியச் சாகடிச்சு அரிசி வாங்கிட்டேன்னு சொன்னாரும்மா ஒங்கப்பா. ராமநாதபுரம் வர்ற வரைக்கும் அழுதாரு. நா ஏறுன பஸ்ஸுல எனக்கு மேல அழுகுறதுக்கு ஒரு ஆளான்னு ஆயிருச்சு.” அத்தை சொல்லிவிட்டுச் சிரித்தாள், இருமல் வந்தது. அப்பா நம்பிக்கை இழந்தவர் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன். எங்கள் பசிக்காக அவர் அந்த நம்பிக்கையையும் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தையைப் பற்றிக் கடைசி வரை எந்தச் சேதியும் வரவில்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன், இன்னுமா அவளுக்காக ஜெபிக்கிறாய் என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“இவ நம்ம வீட்டுல சாப்பிடலையா? இவளுக்கு யாரு அழுதாங்களோ, அவுகளுக்குத் தெரியுமா இவ இங்க இருக்கான்னு? அதே மாதிரி அவளும் எங்கயாச்சும் ஒரு வீட்டுல உக்காந்து, சோறு வேகலன்னு குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பா.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி ஆண்டவரு வீட்டுல இருப்பா. அங்கயும் குத்தம் சொல்லுவா. அவ வாய் அப்படி.”

அம்மா போன பிறகு பிடி அரிசி எடுத்தது அத்தை. படுக்கையில் விழுந்த பிறகும், நான் அரிசியைக் கொண்டுபோய் நீட்ட, கடைசி வரை அவள்தான் எடுத்தாள். வராமல் போன அத்தைக்காக அவள் என்ன ஜெபித்தாள் என்று நான் கேட்டதில்லை. இப்போது அந்தக் கை இல்லை. டின்னுக்குப் பதிலாக வந்த தூக்குப் பாத்திரத்தில் பாதி அரிசி இருக்கிறது. மூட்டை மூலையில் இருக்கிறது. இரவு சாப்பிடவில்லை. இத்துடன் நிறுத்திப் படுக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு. எழுந்ததும், காப்பிக்கும் மழைமானிக்கும் முன்னால், கத்தியை எடுத்து மூட்டையின் தையலை அறுத்தேன். முதல் பிடியை எடுத்துத் தூக்கில் போட்டேன். “அத்தை சாப்பிட்டாளா பாருங்க,” என்றேன், எனக்கு முகம் நினைவில்லாத அத்தைக்காக. பிறகு உலை வைத்தேன்.